ரிட்டையர் ஆன கையோடு கம்பெனி வேலையா? அதிகாரிகளுக்கான ஓராண்டு விதி

சென்னை ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ், அதாவது சுங்க அலுவலகம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மண்ணடி என்று, சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்சிகளும் ஷிப்பிங் கம்பெனிகளும். முப்பது வருடம் ஃபைலில் கையெழுத்துப் போட்டவர் ஓய்வுபெற்றதும், "வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து ஆலோசனை சொன்னா போதும் சார்" என்று அழைப்பு வரும். ஒப்புக்கொள்ளும் முன் விதியைப் பார்த்துவிடுங்கள்.

மத்திய சிவில் பணிகள் (ஓய்வூதிய) விதிகள், 2021-இன்படி, மத்திய அரசின் குரூப் ஏ (உயர்நிலை அதிகாரி) பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர் அடுத்த ஓர் ஆண்டுக்குள் வணிக வேலையில் சேர அரசின் முன் அனுமதி பெற வேண்டும். சேர்ந்துவிட்டு அனுமதி கேட்பது செல்லாது.

பலரும் சறுக்குவது 'வணிக வேலை' என்ற சொல்லில்தான். சம்பளப் பட்டியலில் பேர் இல்லை, ஆலோசகர் மட்டுமே என்பார்கள். அது காப்பாற்றாது. கம்பெனி இயக்குநர், கூட்டாளி, ஏஜென்ட் எல்லாமே வணிக வேலைதான். பதவியில் அறிந்த விஷயங்களை வைத்து ஆலோசனைத் தொழில் தொடங்குவதும், அரசு அலுவலகங்களோடு தொடர்பு வைத்துக் காரியம் முடித்துத் தருவதும் அதே கணக்கில் வரும். அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களில் சேர்வதற்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

இந்த விதி தேவை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். மண்ணடியில் ஒரு சின்ன இறக்குமதி வியாபாரி தன் சரக்குக்காகக் காத்து நிற்கும்போது, போட்டிக் கம்பெனிக்காக நேற்றுவரை மேலதிகாரியாக இருந்தவரே உள்ளே போனால், இருக்கையில் உள்ள இளைய அதிகாரி என்ன செய்வார்? எழுந்து நிற்கத்தானே செய்வார்!

விண்ணப்பம் வந்ததும் அரசு சிலவற்றை எடைபோடும். கடைசி மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள முக்கியத் தகவல்கள் அவர் கைக்கு வந்தனவா, பணிக்காலத்தில் நேர்மைக்குக் களங்கம் இல்லையா, தருவதாகச் சொல்லும் சம்பளம் அந்தத் தொழிலின் வழக்கத்தைவிட மிக அதிகமா என்றெல்லாம் பார்ப்பார்கள். விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். விவரம் குறைகிறது என்று கேட்டால், அதைக் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. அனுமதியின்றிச் சேர்ந்தால், விளக்கம் கேட்டபின் ஓய்வூதியத்தை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு.

கஸ்டம்ஸ்காரர்களுக்கு இன்னொரு கதவும் மூடியிருக்கிறது. சுங்கச் சட்டம், 1962-இன் 146ஏ பிரிவுப்படி, சுங்கப் பணியில் மூன்று ஆண்டாவது இருந்த குரூப் ஏ அதிகாரி, ஓய்வுபெற்றாலும் ராஜினாமா செய்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குச் சுங்க அதிகாரிகள் முன் யாருக்காகவும் பிரதிநிதியாக ஆஜராக முடியாது. ஓராண்டு முடிந்து வேலையில் சேர்ந்தவருக்கும் இது பொருந்தும்.

"நான் குரூப் பி தானே" என்பவர்களும் ஜிஎஸ்டி சட்டத்தின் 116-ஆம் பிரிவைப் படியுங்கள். கெசட்டட் குரூப் பி நிலைக்குக் குறையாத பதவியில் இரண்டு ஆண்டாவது இருந்த வரி அதிகாரி, ஓய்வுக்குப் பின் வியாபாரிகளுக்காக ஆஜராகலாம். ஆனால் முதல் ஓர் ஆண்டு கூடாது. மாநில வணிகவரித் துறையில் இருந்தவர்களுக்கும் இதே கணக்குதான்.

துறைமுகத்திலும் மணலியின் பொதுத்துறை ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் தங்கள் நிறுவனத்தின் பணி விதிகளைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கம்பெனி தரும் நியமனக் கடிதத்தில் வேலை என்ன என்று எழுதியிருக்கும் வரியை முதலில் படியுங்கள். குரூப் ஏ-வில் இருந்தவர் எந்த வணிக வேலையானாலும், குறிப்பாக 'துறைகளுடன் தொடர்புகொள்ளுதல்' என்று இருந்தால், கையெழுத்துப் போடாமல் அந்தக் கடிதத்தின் நகலோடு பழைய துறைக்கு விண்ணப்பம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 60 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதற்கு அதுதான் சான்று.