‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டில் 4000ஐப் பாருங்கள்

விசைத்தறி ஓட்டுபவர்களின் காதுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நான் அடிக்கடி பார்க்கும் சொல் ‘நார்மல்’. அதைக் கையில் வைத்துக்கொண்டே, “சத்தம் கேக்குதுங்க, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல” என்கிறார்கள். ரிப்போர்ட் சொல்வதும் சரி, அவர்கள் சொல்வதும் சரி. இது எப்படி என்று தறி ஓட்டுகிறவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும், தறி உரிமையாளர்களுக்கும் தெரிய வேண்டும்.

கேட்கும் திறனைச் சராசரியாகத்தான் எழுதுவார்கள். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளந்து, கூட்டி, நான்கால் வகுப்பார்கள். பல இடங்களில் 4000ஐ விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் கூட்டுவதும் உண்டு. எண் கூடக் கூடக் கேட்பது குறைவு என்று அர்த்தம். ஒருவருக்கு 10, 10, 15, 40 டெசிபல் என்று வருகிறது என வையுங்கள். சராசரி 18.75. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி 20க்குக் கீழே இருந்தால் இயல்பான கேட்கும் திறன். ஆகவே ‘நார்மல்’. அந்த 40 சராசரிக்குள் போய் ஒளிந்துகொண்டது. தறிச் சத்தம் அவருடைய உட்காதில் செய்த சேதம் முழுக்க அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

அதனால் சராசரியை விட்டுவிட்டு ஆடியோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். சத்தத்தால் கெட்ட காதில் கோடு ஆரம்பத்தில் மேலேயே நேராகப் போகும். 3000க்குப் பக்கத்தில் சட்டென்று இறங்கி, 4000இலோ 6000இலோ பள்ளம் விழுந்து, 8000இல் மறுபடி கொஞ்சம் ஏறும். வயதால் வரும் கேட்புக் குறைவில் அந்த ஏற்றம் இருக்காது, கோடு 8000 வரை இறங்கிக்கொண்டே போகும். முப்பது வயதுக்காரரின் இரண்டு காதிலும் இந்தப் பள்ளம் ஒரே மாதிரி தெரிந்தால், அவர் எங்கே வேலை செய்கிறார் என்றுதான் முதலில் கேட்பேன்.

பரிசோதனை அறைக்குள்ளேயே அது தெரிந்துவிடும். ஹெட்போனை மாட்டி 1000 ஹெர்ட்ஸில் ஒலியைக் கொடுத்தால், கேட்டதும் டக்கென்று பட்டனை அழுத்துவார்கள். 2000 வரை தடங்கல் இல்லை. 4000க்குப் போனதும் கை அப்படியே நின்றுவிடும். ஒலியைக் கூட்டக் கூட்ட, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள், மெஷினை நிறுத்திவிட்டேனோ என்று. அந்தப் பார்வையைப் பார்க்கும்போதெல்லாம், இவர் ஐந்து வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஏன் 4000? காதுத் துவாரம் சுமார் 3000 ஹெர்ட்ஸ் ஒலியை இயல்பாகவே பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. அதற்குச் சற்று மேலே உள்ள அதிர்வெண்களுக்கான செல்கள்தான் அதிகம் அடிவாங்குகின்றன. ஒலியை உணர்ந்து நரம்புக்கு அனுப்பும் மயிர் செல்கள் ஒரு காதில் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதனுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சேதம் வேகமாக ஏறுவது முதல் 10, 15 வருடங்களில்தான். “இன்னும் வயசு இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லும் அந்த வருடங்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது.

பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி பலமானது, தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ச, த, ப, க போன்றவற்றைப் பிரித்துக்காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருக்கின்றன. அதனால் குரல் கேட்கும், ‘படி’யா ‘கடி’யா என்பது மட்டும் தெரியாது. வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். தறிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள், நாள் முழுக்கக் கையாலும் வாயசைவாலும் பேசிப் பழகியவர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனமே குறையை வருடக்கணக்கில் மறைத்துவிடுகிறது. கல்யாண மண்டபத்திலும் செல்போனிலும்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் டிஜிட்டல் கைக்கடிகாரத்தின் கீச்சு அலாரம் இவருக்குக் கேட்காது. ராத்திரி படுத்தால் காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல் ஓடும். இதைக் கேலி செய்யாமல் பரிசோதனைக்குக் கூட்டிவாருங்கள் என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கும் முந்தைய அறிகுறி ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்த மாதிரி இருப்பது. “காலையில சரியாப் போயிடுதுங்க” என்று எல்லோரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்கும் அளவு திரும்பிவிடலாம், ஆனால் அது தினமும் நடக்கும்போதுதான் நிரந்தரச் சேதம் சேர்கிறது. அளவு முழுதாகத் திரும்பிய பிறகும் செவி நரம்பின் இணைப்புகள் அறுந்திருப்பதை 2009இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது.

நாடா ஓடும் தறிக்கூடத்தில் 95 டெசிபலுக்கு மேல் சர்வசாதாரணம். நம் தொழிற்சாலை விதி 90 டெசிபலில் 8 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85இல் 8 மணி நேரம், 97 என்றால் வெறும் அரை மணி. 12 மணி நேர ஷிப்ட் இரண்டுக்குமே அடங்காது. சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றது, இஎஸ்ஐ சட்டத்திலும் தொழில்சார் நோயாக இருந்தது. ஆனால் வீட்டோடு சேர்ந்த ஆறு தறி, எட்டு தறிக் கொட்டகைகளுக்குள் அந்தச் சட்டமெல்லாம் வந்து எட்டிப்பார்ப்பதில்லை. மீட்டர் இல்லையா? ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முகாம் பரிசோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்த கையோடு, சாப்பாட்டு அறையில், ஃபேன் ஓட ஓடச் செய்யும் பரிசோதனையை நான் நம்புவதில்லை. வேலைக் களைப்பில் இருக்கும் காது 4000ஐ உள்ளதைவிட மோசமாகக் காட்டும், அறை இரைச்சல் 500ஐக் கெடுக்கும். கடைசியில் எது நிஜம் என்றே தெரியாது. குறைந்தது 14 மணி நேரமாவது சத்தத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். ஞாயிறு லீவு என்றால் திங்கள்கிழமை காலை, ஷிப்டுக்கு முன்னால், அமைதியான அறையில் செய்வதே சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த வசதி இருக்கிறது. போகும்போது 3000, 6000 இரண்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் தாண்டிப் போய்விடுவார்கள். உட்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓஏஇ பரிசோதனை இருந்தால் அதையும் செய்துகொள்ளலாம், ஆடியோகிராமில் தெரிவதற்கு முன்பே அதில் மாற்றம் தெரிய வாய்ப்புண்டு.

வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். வேலைக்குச் சேரும்போது எடுத்தது இருந்தால் அதுதான் தங்கம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். 2000, 3000, 4000 மூன்றின் சராசரி ஒரு காதிலாவது 10 டெசிபல் மோசமாகியிருந்தால், ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றாலும் அது நார்மல் இல்லை.

போனதை மீட்க மருந்து கிடையாது. டானிக், விட்டமின் ஊசி என்று பணத்தைக் கொட்டாதீர்கள். மிச்சத்தைக் காப்பாற்றலாம். காதில் பஞ்சு அடைப்பது பெரிதாக எதையும் தடுக்காது, அழுக்கை உள்ளே தள்ளுவதுதான் மிச்சம். நுரை இயர் பிளக் வாங்குங்கள். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னால் நின்று பார்க்கும்போது பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். உரிமையாளர்கள் தேய்ந்த பாகங்களையும் ஆட்டம் கண்ட போல்ட்டுகளையும் கவனித்தாலே கொஞ்சம் சத்தம் குறையும்.

ஒன்று மட்டும் வேறு ரகம். ஒரே காது ஒரே நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அதைத் தறி மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, தள்ளிப்போடப் போட அது பலிக்கும் வாய்ப்பு குறையும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.