பைக்குக்குப் பெரிய ஹாரன்: சத்தம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பைக் வாங்கிய கையோடு பலரும் மாற்ற நினைப்பது ஹாரனைத்தான். கம்பெனியில் போட்டுத் தந்த ஹாரன் மெலிதாகக் கத்துகிறது, லாரிக்காரர் காதில் விழுவதில்லை, கார்க்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஆளாளுக்கு ஒரு குறை சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். சில நூறு ரூபாயில் கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்தப் பாதுகாப்பு எந்தச் சூழலில் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஹாரன் எப்படிக் கத்துகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான பைக்குகளில் இருப்பது வட்டமான தட்டு ஹாரன். அதன் உள்ளே ஒரு மின்காந்தம், அதற்கு எதிரே டயாஃப்ரம் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு, இடையில் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு ஜோடி காண்டாக்ட் பாயிண்ட். பட்டனை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து காந்தம் தகட்டை இழுக்கும். உள்ளே வரும் தகடு காண்டாக்ட்டைப் பிரித்துவிடும். மின்சாரம் நின்றதும் காந்தம் விட்டுவிட, தகடு தன் மீள்விசையால் பழைய இடத்துக்குத் திரும்பும். காண்டாக்ட் மறுபடி சேரும். நொடிக்குச் சுமார் 400 முறை இது நடக்கிறது. தகட்டின் நடுவில் இன்னொரு தட்டும் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு இடிக்கும் அது 2,000 முதல் 3,500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரையிலான கூர்மையான ஒலிகளை எழுப்பும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய அதே எல்லையில்தான். சின்னத் தட்டு ஹாரன்கூட 'சுருக்'கென்று காதைக் குத்துவதற்குக் காரணம் இது.

இன்னொன்று நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட குழல் உள்ள ஹாரன். கடைகளில் விண்ட்டோன் என்று கேட்டால் தருவார்கள். கோயம்புத்தூர் ரூட்ஸ் நிறுவனம் செய்யும் விண்ட்டோன் இங்கே எல்லோரும் அறிந்ததுதான். தகட்டின் அதிர்வு குழல் வழியாக வளர்ந்து, அடித்தொண்டையில் கனமாக வெளியே வரும். இவற்றை ஜோடியாகப் போடும்போது ஒன்று 400, மற்றது 500 ஹெர்ட்ஸ் என்று சுதி பிரித்துக் கொடுப்பார்கள். டயர் இரைச்சல் ஒரு சுதியை விழுங்கினாலும் மற்றது தப்பிப் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

சரி, எவ்வளவு தூரம் போகும்? ஒலியை டெசிபலில் அளக்கிறோம். இதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குத் தோன்றும் உரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஒரு சாதாரண பைக் ஹாரன் 2 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டரில் 94, 8 மீட்டரில் 88, 16 மீட்டரில் 82, 32 மீட்டரில் 76 ஆகிவிடும். தெருவில் நடப்பவருக்கு இதுவே தாராளம்.

ஆனால் நமக்கு ஆபத்து பெரும்பாலும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்து வருகிறது. மூடிய கார் வெளிச்சத்தத்தில் 25 டெசிபலையாவது வடிகட்டிவிடும். அப்படியென்றால் 8 மீட்டரில் உள்ள கார் ஓட்டுநருக்கு 63 டெசிபல்தான் போய்ச் சேரும், 16 மீட்டரில் 57. ஓடும் காருக்குள் ஏசி, டயர், இன்ஜின் எல்லாம் சேர்ந்து 65 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். பாட்டும் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஹாரனின் கூர்மையான ஒலி அந்த இரைச்சலுக்கு நடுவே லேசாகக் காதில் விழலாம். ஆனால் காதில் விழுவது வேறு, வேறெதையோ நினைத்துக்கொண்டு ஓட்டுபவரைத் திரும்ப வைப்பது வேறு. ஆக, இந்த ஹாரன் காருக்குள் இருப்பவரை உருப்படியாக எட்டுவது 8 மீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அதே 2 மீட்டரில் 110 டெசிபல் தரும் ஜோடி ஹாரன் போடுகிறோம். 10 டெசிபல் கூடினால் எட்டும் தூரம் மூன்று மடங்கு ஆகும். 8 மீட்டர் 25 மீட்டராகிறது. கூடுதலாகக் கிடைத்தது 17 மீட்டர்.

இந்த 17 மீட்டரை நேரமாக மாற்றிப் பாருங்கள். நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், குறுக்குச் சாலையிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டுகிறது. அந்த வேகத்தில் நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறீர்கள். அதாவது புது ஹாரன் வாங்கித் தந்தது ஒரே ஒரு நொடி. அதே கார் உங்களுக்கு முன்னால் அதே திசையில் போகிறது, அதைவிட 20 கிலோமீட்டர் வேகம் கூடுதலாக நீங்கள் முந்துகிறீர்கள் என்றால் அதே 17 மீட்டருக்கு மூன்று நொடி கிடைக்கிறது. ஹாரனை மாற்றலாமா என்ற கேள்விக்கான விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

ஒரு நொடியில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் ஆபத்தைப் பார்க்க வேண்டும், கட்டை விரல் பட்டனைத் தேட வேண்டும். சத்தம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஓட்டுநர் அது தனக்குத்தான் என்று உணர வேண்டும், எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், பிரேக்கா ஆக்சிலரேட்டரா என்று முடிவெடுத்துக் காலை நகர்த்த வேண்டும். எதிர்பாராத விஷயத்துக்கு ஓட்டுநர் ஒருவர் எதிர்வினை காட்டவே ஒன்று முதல் ஒன்றரை நொடி ஆகும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கை, விபத்தில் சிக்கியவருக்குத் தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு என்று சொன்னது. அந்த இரண்டு நொடிக்குள் இன்னொருவர் மனதை மாற்ற முயல்வது மோசமான பந்தயம்.

அப்படியே அவர் கேட்டுவிட்டாலும் சிக்கல் தீராது. ஹாரன் சத்தத்தில் பதறிய ஓட்டுநர் பல நேரம் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடுவார், அதுவும் சரியாக நம் பாதையின் குறுக்கே. அவர் கடந்து போய்விடுவார் என்று நம்பி வண்டியை ஒடித்தவருக்குப் போக இடம் இருக்காது.

திசை தெரியாமல் போவது இன்னொரு பிரச்சினை. ஒலி வரும் திசையை மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் உரப்பு வித்தியாசத்தையும் வைத்துத்தான். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. மூடிய காருக்குள் ஒலி எல்லாக் கண்ணாடி வழியாகவும் தகரத்தின் வழியாகவும் கசிந்து வருவதால் இந்த நுட்பமான கணக்கு குழம்பிப்போகிறது. ஓட்டுநருக்குச் 'சத்தம் வருகிறது' என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஜோடி ஹாரன் கார் ஹாரன் மாதிரி ஒலிப்பதால் அவர் கண்ணாடியில் காரைத் தேடி, பைக்கைக் கவனிக்காமலே விடவும் கூடும்.

லாரிக்குப் பக்கத்தில் போகும்போது நிலைமை இன்னும் மோசம். நம் ஹாரன் முன்னோக்கித்தான் அதிகம் வீசுகிறது, ஓட்டுநரோ பக்கவாட்டில், நமக்கு மேலே, தன் இன்ஜின் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடதுபக்கக் குருட்டுப் புள்ளியில் நின்றுகொண்டு ஹாரன் அடித்தால், கேட்டாலும் அவரால் நம்மைப் பார்க்க முடியாது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நம் முகமும் அவருக்குத் தெரியாது. அங்கிருந்து வண்டியை வெளியே எடுப்பதே முதல் வேலை.

நேரம் இருக்கிற இடத்தில்தான் நல்ல ஹாரன் பேசுகிறது. முன்னால் போகிறவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே மெல்ல உங்கள் லேனுக்குள் சரிகிறார், கடை வாசலில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கிறார், சிக்னலில் நிற்கும் கார் உங்களை நோக்கி உருண்டு வருகிறது, மலைப்பாதை வளைவில் எதிரே யார் வருகிறார் என்று தெரியவில்லை. இங்கெல்லாம் வேகம் குறைவு அல்லது தூரம் மிச்சம் இருக்கிறது. கூடுதல் 10 டெசிபல் உண்மையாகவே உதவும்.

அப்படியென்றால் இன்னும் சத்தமாக, ஏர் ஹாரனே போட்டால்? தயவுசெய்து வேண்டாம். திடீரென்று எழும் பேரொலி மனித உடலைத் தன்னிச்சையாகத் துள்ள வைக்கும். சைக்கிளில் போகும் பெரியவர் ஒருவர் அப்படித் துள்ளினால் எந்தப் பக்கம் விழுவார் என்று யாருக்கும் தெரியாது. சட்டமும் இடம் தராது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, பல சுதி மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும், கடூரமாக அலறும் ஹாரனையும் தடை செய்கிறது. ஒலி மாசு வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஹாரனே கூடாது.

எல்லோரும் எப்போதும் அடிக்கிற ஹாரனை மூளை சீக்கிரமே ஒதுக்கிவைத்துவிடும். தொடர்ந்து வந்து எந்த விளைவும் தராத ஒலியைக் கவனிக்காமல் விடுவது அதன் இயல்பு. சில ஆண்டுகளுக்கு முன்பு மும்பை காவல்துறை சில சிக்னல்களில் ஒலிமானியை இணைத்து, சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி செய்து பார்த்தது. நெரிசலில் நிற்கும்போது அடிக்கிற ஒவ்வொரு ஹாரனும், நாளை உண்மையான ஆபத்தில் நாம் அடிக்கப்போகும் ஹாரனின் மதிப்பைக் குறைக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மாற்றுவது என்று முடிவு செய்தால் வயரிங்கில் கவனம் வையுங்கள். பைக் ஹாரனுக்கு 2 முதல் 4 ஆம்பியர் போதும், வயரும் பட்டனும் அதற்கேற்ற மெலிசுதான். பெரிய ஜோடி ஹாரன் 8 ஆம்பியரோ அதற்கு மேலோ கேட்கும். அதை அதே வயரில் சொருகினால் வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்து, விலை கொடுத்து வாங்கிய ஹாரன் தொண்டை கட்டியது போல ஒலிக்கும், பட்டனின் காண்டாக்ட்டும் கருகும். அதனால்தான் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச், போடச் சொல்கிறோம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் ரிலேயின் 30-வது முனைக்கு, 87-லிருந்து ஹாரனுக்கு. 85, 86 இரண்டும் பழைய ஹாரன் வயர்களுக்கு. பட்டன் இப்போது ரிலேயை மட்டும் இயக்கும், ஹாரனுக்கு முழு வோல்ட்டேஜ் கிடைக்கும். ஹாரனைப் பட்டைத் தகட்டில் தொங்கவிடுங்கள். அது மட்கார்டிலோ ஃபிரேமிலோ ஒட்டினால் அதிர்வு செத்துவிடும். தண்ணீர் தேங்காதபடி வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன் பழைய ஹாரனை ஒரு முறை பாருங்கள். சத்தம் குறைந்ததற்குக் காரணம் உள்ளே சேறு, துருப்பிடித்த முனை, சோர்ந்த பேட்டரி, இவற்றில் ஒன்றாகவே இருக்கும் பல நேரம். பின்பக்கத்தில் ஒரு சிறு திருகு உண்டு. மெக்கானிக் அதை அரைச் சுற்று திருப்பியதும் குரல் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், ஒற்றை ஹாரனோடு வரும் 100, 125 சிசி வண்டிக்கு, விதிக்கு உட்பட்ட ஒரு ஜோடி ஹாரன் நல்ல செலவு. ஏற்கெனவே ஜோடியாக வரும் பெரிய வண்டிகளில் கை வைக்க வேண்டாம். இரண்டிலும் அதற்கு முன்னால் டயரையும் முன் பிரேக்கையும் சரிபாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நன்றாகப் பிரேக் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். ஹர்ட் அறிக்கையில் விபத்துக்கு ஆளானவர்கள் பலர் பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் விட்டிருந்தார்கள்.

ஹாரன் பொருத்தியதும் காலி மைதானத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பரைக் காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியும் பாட்டும் போடச் சொல்லுங்கள். பின்னால் 10, 20, 30 மீட்டரில் நின்று அடியுங்கள். கேட்டதும் கை தூக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் உள்ளே உட்காருங்கள், நண்பர் அடிக்கட்டும்.