பிஸ்கட் டப்பாவில் காலித் தோட்டா: லைசென்ஸ்காரர்கள் கவனத்துக்கு

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த எங்கள் பெரியப்பா இறந்தபோது, அலமாரியில் ஒரு .315 ரைஃபிளும் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் காலித் தோட்டாக்களும், அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடுகளும், இருந்தன. அண்ணன் ரைஃபிளை மட்டும் ஒப்படைத்துவிட்டு வந்தார். டப்பாவை அண்ணி பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டார். பித்தளை, நல்ல விலை. அப்புறம் வாரிசு லைசென்ஸுக்குப் போனால், "வாங்கினது இத்தனைன்னு லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கு, சுட்டதுக்குக் கூடு எங்கே?" என்றார்கள். எட்டு மாதம் நடந்தார். கூட்டைத் திருப்பிக் கொடு என்று முன்பே யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது மட்டும் சரியாகக் கேட்கிறார்கள்.

அதனால் முதல் வேலை, காலிக் கூடுகளை எண்ணி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, சுட்டது எத்தனை, எதற்கு என்று எழுதுங்கள். கடை ரசீதுகளையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

சட்டம் சுருக்கமாக. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் அதன் பாகங்களும், அதைச் செய்யும் கருவிகளும் சேர்த்துத்தான். அப்படியானால் காலிக் கூடும் குற்றமா? 45-ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது: மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வம்பு அந்த 'எண்ணம்' என்ற சொல்லில் இருக்கிறது. கூடு மட்டும் டப்பாவில் கிடந்தால் அது பித்தளை. பக்கத்திலேயே வெடிமருந்தும் பிரைமரும் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஈயக்குண்டும் இருந்தால், அலங்காரத்துக்கு வைத்திருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது?

யூடியூபில் பார்த்துவிட்டு, காலிக் கூட்டை மறுபடி நிரப்பலாமா என்று கேட்கும் தம்பிகள் உண்டு. வெளிநாடுகளில் சுட்ட கூட்டை அச்சில் இட்டு அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுபோன கழுத்தைச் சீவி, பிரைமர் மாற்றி நிரப்புகிறார்கள். அவர்களே கழுத்தில் மயிரிழை விரிசலோ, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையமோ தெரிந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்த வெடியில் அது அந்த இடத்திலேயே பிய்ந்துகொள்ளக்கூடும். சரி, இங்கே விஷயம் வேறு. உங்கள் லைசென்ஸ் புத்தகம் துப்பாக்கி வைத்திருக்கக் கொடுத்த அனுமதி. தோட்டா செய்வதற்கு 5-ஆம் பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். மிச்சமாகும் காசுக்கு இது தேவையா?

பயிர்க்காவலுக்கு ரைஃபிள் கேட்டு மனுப் போடுபவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டுகிறார்கள். பயிர்க்காவலுக்குச் சட்டம் முதலில் சொல்வது குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதில் கூடே கிடையாது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் குழலுக்குள் ரைஃபிளில் இருப்பது போன்ற வரிப்பள்ளம் இல்லாத வேறு துப்பாக்கி. மனுவில் "காட்டெருமைத் தொல்லை" என்று எழுதவே எழுதாதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. லைசென்ஸ் இருந்தாலும் அதன்மேல் குண்டு பட்டால் வழக்குத்தான். காட்டுப்பன்றிக்கும் வனத்துறை உத்தரவு வேண்டும்.

அலைச்சலில் பாதி முகவரியால் வருகிறது. தோட்டம் ஏற்காட்டில், வீடு சேலம் நகரத்து ஃபேர்லேண்ட்ஸில் என்றால், கலெக்டர் ஆபீஸ் கமிஷனர் ஆபீஸைக் காட்டும், அங்கே போனால் இங்கே காட்டுவார்கள். கமிஷனர் உள்ள நகரத்தில், லைசென்ஸ் கொடுக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட் என்பது போலீஸ் கமிஷனரைத்தான் குறிக்கும் என்று சட்டமே சொல்கிறது. குடியிருக்கும் வீடு எங்கே என்பதை முதலில் முடிவு செய்து, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அதே முகவரியை வைத்துக்கொண்டு அங்கே மட்டும் கொடுங்கள். "கிடைக்காது சார்" என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தத் தாள் கையில் இருந்தால் 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யும்போது உதவும்.

புதுப்பிக்கும் மனுவை லைசென்ஸ் முடிவதற்கு 60 நாள் முன்பே கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ரசீதில் துப்பாக்கி எண், உயிருள்ள தோட்டா எத்தனை, காலி எத்தனை என்று மூன்றும் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும்போதும் இதே மாதிரி. "துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காலிக் கூட்டைச் சாவிக்கொத்தில் கோத்திருப்பவர்கள், சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். பையில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகப் போட்ட வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், வக்கீல் ஃபீஸும் கட்டியிருப்பீர்கள்.