ஷூட் ஏன் அடைக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மலையடிவாரத்தில் கல் உடைக்கும் கிரஷர்களுக்கு மழை என்றாலே ஒரு தலைவலிதான். ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கல் இறங்கும் இரும்புக்கூடு, அதாவது ஷூட், அடைத்துக்கொள்ளும். அதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதிப் பிரச்சினை அளவெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எல்லாரும் முதலில் கேட்பது, மணிக்கு எத்தனை டன் என்றுதான். 200 டன் என்று வைப்போம். உடைத்த கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 1.6 டன் இருக்கும். பெல்ட் நொடிக்கு 2 மீட்டர் ஓடினால், அதன்மேல் கிடக்கும் கல்லின் குறுக்குவெட்டு ஏறக்குறைய 174 சதுர செ.மீ. மட்டுமே. பதின்மூன்று செ.மீ. சதுரத்தில் ஒரு துளை போதும் போலத் தோன்றும்.

ஆனால் ஷூட்டுக்குள் வந்த கல் சுவரில் மோதும், திரும்பும், வேகம் குறையும். பேச்சிப்பாறைக் கால்வாயில் ஓட்டம் மந்தமாகும் இடத்தில் தண்ணீர் மட்டம் ஏறுமே, அதே கதைதான் இங்கும். வேகம் நொடிக்கு அரை மீட்டராக விழுந்தால், அதே கல்லுக்கு நான்கு மடங்கு இடம் வேண்டும். அந்த மந்தமான இடத்திலும் கல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது என்று கணக்கிட்டால், நம் 13 செ.மீ. 46 ஆகிவிடும்! டன் கணக்கைவிட வேகக் கணக்கு முக்கியம் என்பது இதனால்தான்.

கல்லின் பருமனையும் பார்க்க வேண்டும். பெரிய கற்கள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவு கட்டி நின்றுவிடும். அதைத் தவிர்க்க, வாய் மிகப்பெரிய கல்லைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். முக்கால் இஞ்சு ஜல்லிக்கு இது பெரிய விஷயமில்லை. முதல் கிரஷரிலிருந்து 15 செ.மீ. கல் வருமானால் 45 செ.மீ. தேவை.

அப்புறம் சரிவு. காய்ந்த ஜல்லி 45 டிகிரியில் பெரும்பாலும் வழுக்கிவிடும். ஈரக் கல்தூசி அப்படியல்ல. துகள்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்றும் தகட்டோடும் இழுத்துப் பிடிக்கிறது. எம்சாண்ட் பிரிவில் 60 டிகிரிக்குக் குறைத்தால் வம்புதான். மணவாளக்குறிச்சியில் எடுக்கும் இல்மனைட் (டைட்டானியம் தாது) மணல் ஜல்லியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அதனால் அதே டன்னுக்கு இடம் குறைவாகப் போதும். ஈரமானால் ஒட்டும் குணம் மட்டும் அதற்கும் உண்டு.

பலர் கவனிக்காதது மூலை. 60 டிகிரியில் சரியும் இரண்டு சுவர்கள், மேலிருந்து பார்க்க, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் சந்தித்தால், சேரும் கோட்டின் சரிவு 51 டிகிரிதான். தூசி முதலில் படிவது அங்கேதான். மூலையை வளைத்து விடுவது நல்லது.

இன்னொரு பக்கம், சரிவு கூடினால் தேய்மானமும் கூடும். 2 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் கல் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் வேகமெடுத்துக் கீழ் பெல்ட்டைக் கிழிக்கும். அதற்காக ஷூட்டுக்குள் ஒரு தட்டு வைத்து, அதில் கல் தங்கவிட்டு, கல்மேல் கல் விழும்படி செய்வார்கள். பெரிய கல்லுக்கு அது அருமையான ஏற்பாடு. தூசி கலந்த ஈரச் சரக்குக்கு அதே தட்டு அடைப்பின் பிறப்பிடம் ஆகிவிடும். அங்கே வழவழப்பான உள்தகடு போட்டு, விழும் உயரத்தைக் குறைப்பதுதான் சரி.