அலைகளின் சராசரி: நீண்ட வெளிப்பாட்டுப் படங்களில் கடல் பனிமூட்டமாக மாறுவது எப்படி?

பாறைகளைச் சுற்றி வெண்பனி படர்ந்திருப்பதுபோல் கடல் தோன்றும் படங்களைக் காணும் பலர், அந்தத் தோற்றம் கணினியில் பின்னர் சேர்க்கப்பட்டது என்றோ, கேமரா அசைந்ததால் விளைந்த மங்கல் என்றோ எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் படம் ஓர் அளவீடு. வெளிப்பாடு என்பது கேமராவின் ஒளிக்கதவான ஷட்டர் திறந்திருக்கும் நேரம்; ஷட்டர் அரை நிமிடம் திறந்திருந்தாலும் நான்கு நிமிடம் திறந்திருந்தாலும், அவ்வளவு நேரமும் கடற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வந்து சேர்ந்த ஒளியின் சராசரியை அது காட்டுகிறது. கண்ணால் அந்தச் சராசரியைக் காண இயலாது என்பதால்தான் அது நமக்குப் புதுமையாகத் தெரிகிறது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால், இத்தகைய படங்களை எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் எதிர்கொள்ளும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் சிலிக்கானால் ஆனது. போதிய ஆற்றல் கொண்ட ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, சிலிக்கான் உட்கவரும்போது ஓர் எலக்ட்ரான் தன் பிணைப்பிலிருந்து விடுபடுகிறது. விடுபட்ட எலக்ட்ரான், பிக்சலுக்குள் அமைந்த மின்னழுத்தப் பள்ளத்தில் சிக்கி, வெளிப்பாடு முடியும்வரை அங்கேயே தங்குகிறது. பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக கேமராவின் ஒரு பிக்சல் நிரம்பி வழிவதற்கு முன் சில பத்தாயிரம் எலக்ட்ரான்களைத் தாங்கும். முதல் நொடியில் வந்த எலக்ட்ரானுக்கும் அறுபதாவது நொடியில் வந்த எலக்ட்ரானுக்கும் இடையே சென்சார் எந்த வேறுபாட்டையும் அறியாது. எண்ணிக்கை மட்டும் எஞ்சுகிறது. வந்த வரிசை அழிந்துவிடுகிறது. ஆகவே ஒரு பொருள் படத்தில் எவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதை அதன் பிரகாசமும், அது ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அரை மீட்டர் அகலமுள்ள ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காட்சியின் குறுக்கே நடந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். பின்னணியின் எந்தப் புள்ளியையும் அவர் அரை நொடிக்கு மேல் மறைப்பதில்லை. வெளிப்பாடு 60 நொடியானால் அந்தப் புள்ளியில் அவருடைய பங்கு 120இல் ஒன்று, அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. படத்தில் அவர் இருந்ததற்கான தடயமே தெரியாது. 1838ஆம் ஆண்டில் லூயி தாகேர் பாரிஸ் நகரத்தின் புல்வார் து தாம்ப்ள் சாலையைத் தகட்டில் பதிவு செய்தபோது நடந்ததும் இதுவே. அன்றைய தகடுகளுக்குச் சில நிமிட வெளிப்பாடு தேவைப்பட்டதால், சாலையில் ஓடிய வண்டிகளும் நடந்தவர்களும் மறைந்துபோய், காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகத் தங்கியது. அதற்குப் பின் பல தலைமுறைக் கலைஞர்கள் வெளிப்பாட்டு நேரத்தைக் குறைப்பதற்காக வேதியியலோடு போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் வென்ற கருவிகளை வைத்துக்கொண்டு இன்று நாம் அதே நேரத்தை வேண்டுமென்றே நீட்டுகிறோம்.

கடலில் இது எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு அலையின் காலத்தை, அதாவது அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை, முதலில் கவனிக்க வேண்டும். அருகில் வீசும் காற்றால் எழும் சிற்றலைகள் சில நொடிக்கு ஒன்றாக வருகின்றன. தொலைவில் வீசிய புயலில் பிறந்து நெடுந்தூரம் கடந்து வரும் நீண்ட அலைகளுக்கு இடையே 10 முதல் 15 நொடிகள்கூட இருக்கும். வெளிப்பாட்டு நேரம் அந்த இடைவெளியைவிட மிகக் குறைவாக இருந்தால் நீரின் உருவம் கிடைக்கிறது. 1/500 நொடியில் தெறிக்கும் துளி காற்றில் நிற்கிறது. அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்குள் நீரின் ஓட்டம் கோடுகளாகப் பதிகிறது: மணலின் மீது ஏறிய நீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்வாங்கினால், அதன் மேல் மிதக்கும் ஒவ்வொரு நுரைக்குமிழியும் அரை நொடியில் அரை மீட்டர் நீளமுள்ள வெண்கோட்டை வரைகிறது. இக்கோடுகள் கரையோரத்தில் மட்டும் சிறப்பாக அமைவதற்குக் காரணம் உண்டு. ஆழ்கடலில் அலை முன்னேறுகிறதே தவிர நீர் முன்னேறுவதில்லை. நீர்த்துகள்கள் ஏறத்தாழ வட்டப்பாதையில் சுழன்று தாம் புறப்பட்ட இடத்துக்கருகே திரும்பிவிடுகின்றன. கரையில்தான் நீர் உண்மையாகவே ஓடுகிறது. ஆகையால் கோடுகளை விரும்புவோர் அலை உடையும் தருணத்தைவிட, அது பின்வாங்கத் தொடங்கும் தருணத்தில் ஷட்டரைத் திறப்பது நல்லது.

வெளிப்பாடு அலையின் காலத்தைக் கடந்து, இரண்டு அலை, நான்கு அலை என நீளும்போது கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மறைகின்றன, சராசரி மேலோங்குகிறது. அலைக்கு அலை இருக்கும் வேறுபாடு, சேர்க்கப்பட்ட அலைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும் என்பது புள்ளியியலின் பொதுவிதி. 8 நொடிக்கு ஓர் அலை வரும் கடலில் அரை நிமிட வெளிப்பாடு ஏறத்தாழ நான்கு அலைகளைச் சேர்க்கிறது. ஏற்ற இறக்கம் பாதியாகிறது. நான்கு நிமிடத்தில் 30 அலைகள் சேர்கின்றன. ஏற்ற இறக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அதற்கு மேல் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் நீரின் தோற்றத்தில் பெரிய மாற்றம் வராது. எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று எண்ணைப் பெருக்கிக்கொண்டே போவதில் சிலர் பெருமை காண்கிறார்கள். கடலுக்காக மட்டும் என்றால் அது பெரும்பாலும் வீண் காத்திருப்பு என்பது என் கணிப்பு. மேகங்களுக்காகக் காத்திருப்பது வேறு.

பாறையின் அடியில் தெரியும் அந்த வெண்பனியை உற்றுக் கவனித்தால் இன்னும் ஆழமான ஒன்று புலப்படும். நுரை வெண்மையாக இருப்பதற்கு அதிலுள்ள எண்ணற்ற காற்றுக்குமிழிகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதே காரணம். பாறையின் அடிப்பகுதியை ஏறக்குறைய எல்லா அலைகளும் நனைக்கின்றன. சற்று மேலே சில அலைகளே எட்டுகின்றன. இன்னும் மேலே பெரிய அலை ஒன்றிரண்டு மட்டும். ஆகவே ஒவ்வோர் உயரத்திலும் பதியும் வெண்மை, அந்த இடத்தில் நுரை இருந்த நேரத்தின் விகிதத்தைக் காட்டுகிறது. மூடுபனிபோல் மென்மையாக மேல்நோக்கிக் கரையும் அந்த விளிம்பு, நீர் எந்த உயரத்தை எத்தனை முறை எட்டியது என்பதன் நிகழ்தகவு வரைபடமே ஆகும். ஒரு தனி நொடியின் படம் எதுவும் இத்தகவலைத் தர இயலாது.

இதைவிடவும் குறைவாகப் பேசப்படும் பயன் ஒன்று உண்டு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அலைகளின் சரிவுகளில் பட்டுத் தெறிக்கும் மினுக்கங்கள், குறுகிய வெளிப்பாட்டில் பிக்சலை நிரப்பி வழியச் செய்து, விவரமற்ற வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். அதே ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து, ஆயிரம் மடங்கு நீண்ட நேரம் பதிவு செய்தால், குறிப்பிட்ட ஒரு பிக்சலில் மினுக்கம் தங்கியிருந்த நேரம் மொத்தத்தில் சிறு பகுதியே என்பதால், மிஞ்சிய நேரத்தின் இருண்ட நீரோடு அது கலந்து தாங்கக்கூடிய அளவுக்குள் அடங்குகிறது. காட்சியின் ஒளி வேறுபாடு சென்சாரை அடைந்தபின் குறைக்கப்படுவதில்லை, பதியும்போதே குறைந்துவிடுகிறது.

இப்போது ஒளியைக் குறைக்கும் வழிக்கு வருவோம். லென்ஸின் துளையைச் சுருக்குவது முதலில் தோன்றும் வழி. ஆனால் சிறு துளையைக் கடக்கும் ஒளி விரிந்து பரவும் விளிம்பு வளைவு அதற்கு எல்லை வகுக்கிறது. துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் பெரிதானால் துளை சிறிது. பச்சை ஒளிக்கு எஃப்/8 துளையில் ஒரு புள்ளியின் பிம்பம் சுமார் 11 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டமாக விழுகிறது. எஃப்/22இல் அது 30 மைக்ரோமீட்டரை நெருங்குகிறது. பிக்சலின் அகலமோ பெரும்பாலும் 4 முதல் 6 மைக்ரோமீட்டர் மட்டுமே. பாறையின் நுண்விவரங்களைக் காக்க வேண்டுமென்றால் எஃப்/8, எஃப்/11 அளவில் நின்றுகொண்டு, எல்லா நிறங்களையும் சமமாகக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டரை நாடுவதே சரி.

ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது. பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 1024இல் ஒரு பங்காக்குகிறது. கடைகளில் இதையே அடர்த்தி 3.0 என்றும் குறிப்பார்கள். அந்திப்பொழுதில் ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி போதுமான காட்சிக்கு, அதை மாட்டியபின் 68 நொடி தேவைப்படும். கொளுத்தும் வெயிலில் 1/250 நொடி போதுமான காட்சிக்கோ நான்கு நொடிதான் கிடைக்கும். அதனுடன் ஆறு ஸ்டாப் ஃபில்டரையும் சேர்த்தால் அடர்த்திகள் கூடிப் பதினாறு ஸ்டாப்பாகி, நேரம் நான்கு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஃபில்டரை மாட்டியபின் காட்சி இருண்டுவிடுவதால் குவியத்தை அதற்கு முன்பே அமைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒளியியல் வியூஃபைண்டர் உள்ள கேமராவில் அதன் கண்திறப்பை மூடிவைப்பதும் அவசியம். முன்பக்க ஒளி ஆயிரம் மடங்கு குறைந்துவிட்ட நிலையில் பின்பக்கத்திலிருந்து கசியும் சிறு ஒளியும் படத்தில் கறையாகப் பதியும்.

நிறத்தில் நேரும் பிழைக்கும் இதே கணக்குதான் காரணம். சிலிக்கான் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிர்களையும் உணரும். அவற்றைத் தடுக்கச் சென்சாரின் முன் ஒரு தடுப்பு உண்டு. எனினும் மிகச் சிறிதளவு கசியவே செய்யும். வழக்கமான படங்களில் அது தெரியாது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் ஆயிரம் மடங்கு குறைத்து அகச்சிவப்பைத் தாராளமாக விட்டுவிடும் ஃபில்டர் முன்னால் இருந்தால், அந்தக் கசிவின் விகிதம் பன்மடங்கு உயர்ந்து, நிழல்களில் செம்பழுப்புச் சாயல் ஏறுகிறது. அகச்சிவப்பையும் தடுக்கும்படி செய்யப்பட்ட ஃபில்டர்களுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது இதனால்தான் நியாயமாகிறது.

மேகங்களின் கணக்கு கோணத்தைப் பொறுத்தது. 1500 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தலைக்கு மேல் நகரும் மேகம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 23 டிகிரி கடக்கிறது. அகலக்கோண லென்ஸின் காட்சியில் அது நெடிய பட்டையாகும். அதே வேகத்தில் 10 கிலோமீட்டர் தொலைவில் குறுக்கே செல்லும் மேகம் மூன்றரை டிகிரிக்குள் அடங்கிவிடும். அருவிக்கு இவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் விழுந்த நீரே நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தை எட்டிவிடுவதால், கால் நொடியிலேயே திரை உருவாகிவிடும். அதற்கு மேல் நீட்டினால் நீரின் இழைகள் அழிந்து வெறும் வெண்மை மிஞ்சும்.

நகர்பவை கரைவதற்கு ஈடாக, நகராதவை கூர்மையாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் படம் முழுவதும் மங்கலாகத் தோன்றும். 24 மில்லிமீட்டர் லென்ஸில் 5 மைக்ரோமீட்டர் பிக்சல் ஒன்று காணும் கோணம் மிகச் சிறியது. ஒரு மீட்டர் இடைவெளியில் ஊன்றிய முக்காலியின் ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் அமிழ்ந்தாலே படம் ஏறத்தாழ ஐந்து பிக்சல் நகர்ந்துவிடும். அலை வந்து தொடும் மணலில் இது கட்டாயம் நடக்கும், ஏனெனில் நீர் ஊறியும் வடிந்தும் போகும்போது காலைச் சுற்றியுள்ள மணல் துகள்கள் இளகி இடம்பெயர்கின்றன. கால்களைத் தொடக்கத்திலேயே ஆழமாக அழுத்திப் புதைத்து, ஓரிரு அலைகள் வந்துபோகும்வரை பொறுத்திருந்து, அதன்பின் வெளிப்பாட்டைத் தொடங்குவது பலன் தரும். பாறை கிடைத்தால் பாறையே மேல்.

நேரம் நீள நீள இன்னொரு தொல்லையும் வளர்கிறது. ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் விடுபட்டுக்கொண்டிருக்கின்றன; சென்சாரின் வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் இந்த இருள்மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சில பிக்சல்களில் அது இயல்பைவிட அதிகமாக இருப்பதால் இருண்ட பகுதிகளில் சிவப்பு, நீலப் புள்ளிகள் மின்னும். நான்கு நிமிடப் படம் எடுத்ததும் கேமரா மேலும் நான்கு நிமிடம் செயலற்றதுபோல் இருப்பதைக் கண்டு புதியவர்கள் பதறுவதுண்டு. ஷட்டரை மூடியபடியே அதே நேர அளவுக்கு ஒரு கருமைப் படத்தைப் பதிவு செய்து, முதல் படத்திலிருந்து அதைக் கழிக்கும் வேலை அது. நிலையான புள்ளிகள் இதனால் நீங்கும். தற்செயலான ஏற்ற இறக்கம் நீங்காது. ஃபிலிம் பயன்படுத்தியவர்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. வெள்ளி ஹாலைடு படிகத்தில் ஃபோட்டான்கள் நெடிய இடைவெளியில் ஒவ்வொன்றாக வந்தால், முதலில் உருவான தனி வெள்ளி அணு அடுத்தது வருமுன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விண்மீன்களைப் பதிவு செய்த வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இழப்பை அளந்து, நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் பதிவு இரட்டிப்பாவதில்லை என்பதற்கு ஒரு விதி வகுத்தார். சிலிக்கான் சென்சாரில் அந்த இழப்பு இல்லை.

வெளிப்பாடு என்பது கூட்டல்தான் என்றால், நீண்ட ஒரு வெளிப்பாட்டுக்குப் பதிலாகக் குறுகிய பல படங்களை எடுத்துக் கணினியில் சராசரியாக்கலாமே என்று தோன்றும். செய்யலாம், ஒரு நொடிப் படங்கள் 60 சேர்ந்தால் ஒரு நிமிடப் படம் கிடைக்கும். அடர்த்தி மிகுந்த ஃபில்டர் தேவையில்லை, இடையில் முக்காலி அசைந்தால் அந்தப் படங்களை மட்டும் விலக்கிவிடலாம், எத்தனை படங்களைச் சேர்ப்பது என்பதைப் பின்னர் நிதானமாக முடிவு செய்யலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒளி அளவுகளைக் கண்ணுக்கேற்ப மாற்றிச் சேமித்த ஜேபெக் படங்களின் சராசரி ஒளியின் சராசரியாகாது. சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பின் மூல அளவுகளையே சேர்க்க வேண்டும். படங்களுக்கு இடையே இடைவெளி விட்டால், நகரும் படகின் விளக்குக்கோடு துண்டுதுண்டாக அறுபடும். மூன்றாவது நிபந்தனை மினுக்கங்களைப் பற்றியது. தனிப்படத்தில் நிரம்பி வழிந்த பிக்சலின் உபரி ஒளி அப்போதே தொலைந்துவிடுவதால், அதைச் சராசரியில் மீட்க வழியில்லை. அந்திச் சூரியனை நோக்கிப் படமெடுக்கும்போது ஒவ்வொரு தனிப்படத்தையும் மினுக்கங்கள் வெளுத்துப்போகாத அளவுக்குக் குறைவான வெளிப்பாட்டில் எடுத்து, சேர்த்தபின் பிரகாசத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும்.