அஸ்தமனம்: கதிரவன் எங்கே போகிறான்?

ஒரு தலைவர் மறைந்தாலும் ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் ‘அஸ்தமனம்’ என்று எழுதிவிடுகிறோம். முடிவு, அழிவு என்ற பொருளிலேயே அச்சொல் பழகிப்போனது. அதன் வேரிலோ அழிவு இல்லை, வீடு இருக்கிறது.

வடமொழியில் ‘அஸ்த’ என்றால் இல்லம். இது ரிக்வேதக் காலத்திலேயே வழங்கிய சொல். ‘அஸ்தம்’ என்றால் வீட்டுக்கு. அதனுடன் செல்லுதலைக் குறிக்கும் வினை சேர்ந்து ‘அஸ்தமயம்’, ‘அஸ்தமயனம்’ என்றானது. நாம் சொல்லும் அஸ்தமனம் இந்தக் குடும்பத்தது. பகலெல்லாம் வானில் நடந்தவன் வீடு திரும்புகிறான், அவ்வளவுதான். பிற்காலத்தில் ‘அஸ்த’ மேற்கிலுள்ள ஒரு மலையின் பெயராகவும் ஆனது; கதிரவன் அதற்குப் பின்னே மறைவதாகப் புலவர்கள் பாடினார்கள். தமிழ் ஒலிமரபுக்கு இசைந்து அத்தமனம், அத்தமித்தல் என்றும் எழுதியிருக்கிறார்கள். பாலைநில வழியைக் குறிக்கும் ‘அத்தம்’ வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று கேட்டால் பலரும் ‘எற்பாடு’ என்பார்கள். அழகான சொல். எல் என்றால் ஒளி, கதிரவன். கெடு கேடானது போல, சுடு சூடானது போல, படு நீண்டு பாடு ஆனது. எல் + பாடு, எற்பாடு: கதிரவன் சாய்தல். தொல்காப்பியம் இதை நெய்தல் திணைக்குரிய சிறுபொழுதாக வைக்கிறது. ஆனால் சிறுபொழுது என்பது ஒரு நொடி அல்ல. ஒரு நாளின் 60 நாழிகையை ஆறாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். அந்தக் கணக்கில் எற்பாடு பிற்பகல் 2 முதல் 6 வரை. ஆகவே ‘இன்று எற்பாடு மாலை 6.12 மணி’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. கதிரவன் இறங்கிவரும் அந்த நீண்ட நேரத்துக்கே அச்சொல்லை வைத்துக்கொள்வோம்.

நாட்காட்டிக்கும் அறிவியலுக்கும் ‘ஞாயிறு மறைவு’ போதும். கதிரவனின் மேல்விளிம்பு தொடுவானத்துக்குக் கீழே போகும் நொடி அது. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், அந்த நொடிக்கு முன்பே கதிரவன் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். நாம் பார்ப்பது மேலே தூக்கிக் காட்டப்பட்ட அதன் உருவத்தைத்தான். உண்மையில் சுழல்வதும் பூமிதான். மணிக்கு 15 பாகை வீதம் அது திரும்புவதால் கதிரவன் நடப்பதாகத் தெரிகிறது. கண்ணுக்கு மறைகிறது, எங்கும் போய்விடவில்லை. ‘மறைவு’ என்ற சொல் இதை நேர்மையாகச் சொல்கிறது.

பேச்சிலும் கதையிலும் எனக்குப் பிடித்தது வேறொன்று: பொழுதடைதல். ‘பொழுதடையிற நேரத்துல எங்க கிளம்புற?’ என்பார்கள். பறவை கூட்டில் அடைகிறது, கோழி கூண்டில் அடைகிறது. அதே வினையால் பொழுதும் அடைகிறது. அஸ்தமனத்தின் வேரில் இருந்த அந்த வீடு, நம் பேச்சுவழக்கில் யாரிடமும் கடன் வாங்காமல் தானாகவே இருக்கிறது.