ஒட்டுப் போட்ட கண்ணும் பாடம் படிக்கும் மூளையும்

மதுரையில் கண் ஆஸ்பத்திரி என்றாலே கண்புரை ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். டாக்டர் கை வேலை முடிந்தால் பெரும்பாலும் மறுநாளே வெளிச்சம். ஆனால் 'சோம்பேறிக் கண்' வைத்தியத்தில் பாதிக்கு மேல் வீட்டில்தான் நடக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிறாள், ஓடுகிறாள். பள்ளிக்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வலது கண்ணைப் பொத்தச் சொன்னதும் எழுத்துப் பலகையின் கீழ்வரிகள் எதுவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பவர் கூடுதல். மங்கலான படத்தையே அனுப்பும் கண்ணை மூளை மெல்லக் கைவிட்டுவிட்டது. இதுதான் சோம்பேறிக் கண்.

1960-களில் மூளையை ஆராய்ந்த ஹியூபெல், வீசல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் தைத்து மூடி வைத்தார்கள். திறந்தபோது கண்ணில் பழுதில்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் பெரும்பாலான செல்கள் மற்றக் கண்ணுக்கே மாறியிருந்தன. 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கற்றுக்கொள்ள வேண்டியது மூளை. முதலில் கண்ணாடி. சில பிள்ளைகளுக்கு அதுவே போதும். இல்லாவிட்டால் நல்ல கண்ணை மூட அதன் மேல் ஒட்டு. அப்போதுதான் மூளை மற்றக் கண்ணைப் பயன்படுத்தப் பழகும்.

யாருக்குப் பலன் கிடைக்கும்? ஏழு வயதுக்குள் தொடங்கியவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆரம்பப் பார்வை ரொம்பக் குறைவாக இல்லாததும் நல்லது. பத்து வயதாகிவிட்டதே என்று கைவிட வேண்டாம். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு முன்னேற்றம் வந்ததை 2005-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். இங்கிலாந்தில் ஒட்டுக்குள் சிறு மின்னணுக் கருவி வைத்துப் பார்த்தார்கள். சொன்ன நேரத்தில் பாதி அளவுக்குத்தான் பிள்ளைகள் போட்டிருந்தார்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெரியாத கண்ணோடு உட்காரச் சொன்னால் பிள்ளை அழத்தானே செய்யும்? நல்லவேளை, நடுத்தரக் குறைபாட்டுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஒட்டுவதும் இரண்டு மணி நேரம் ஒட்டுவதும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதை 2003-ல் கண்டார்கள். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பல்லாங்குழி ஆடட்டும், புள்ளி வைத்துக் கோலம் போடட்டும். அழுகை குறையும்.

அப்புறம் ஒன்று. ஒட்டை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி குறைகிறது. பார்வை தேறிவிட்டதே என்று மறுபரிசோதனைக்கான மதுரை பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.